பக்கத்து ஆளுக்கு மீன், எனக்கு வெறும் முள்: சார்ட்டர் படகில் அடித்தூண்டில் பற்றி ஒரு கேள்வி

அலைமேடு எழுதியது:

வணக்கம் எல்லோருக்கும். கரையில் நின்று தூண்டில் போட்டே பழகியவன் நான். படகில் ஆழத்துக்குப் போய் இரையை அடியில் இறக்கிப் பிடிப்பது சமீபத்தில்தான் ஆரம்பித்தது. ஓரம் முழுக்க ஆட்கள் வரிசையாக நிற்கும் சார்ட்டர் படகு (மீன் பிடிக்க வாடகைக்கு விடும் படகு) அது. ஆழம் 35 முதல் 45 மீட்டர் என்று கேப்டன் சொன்னார், அடியில் பாறையும் மணலும் கலந்த தரை. எஞ்சினை நிறுத்திவிட்டுப் படகைக் காற்றோடு மிதக்க விட்டுத்தான் பிடித்தோம்.

என் சாமான்கள்: ஸ்பின்னிங் ரீல், 0.45 மி.மீ. மோனோ (ஒற்றை இழை நைலான்) நரம்பு, அதில் ஓடுகிற மாதிரி 100 கிராம் ஓட்டை ஈயம், கீழே ஸ்விவல் (முறுக்கு விழாமல் சுழலும் இணைப்பு), லீடர் (முள்ளைக் கட்டும் கடைசித் துண்டு நரம்பு), சர்க்கிள் முள் (முனை உள்பக்கமாக வளைந்தது). இரை படகிலேயே கொடுத்த கணவாயும் வெட்டிய மீனும்.

பிரச்சினை இதுதான். இறக்கியதும் ஈயம் தரையில் முட்டுவது கைக்குத் தெரிகிறது. கொஞ்ச நேரத்தில் முட்டுகிறதா இல்லையா என்றே புரிவதில்லை, நரம்பு படகை விட்டுச் சாய்ந்து எங்கேயோ போய்க்கொண்டே இருக்கிறது. சில சமயம் டொக் டொக் என்று கொத்து தெரியும், உடனே தடியைச் சட்டென்று உயர்த்தி வெட்டி இழுப்பேன், ஒன்றும் இருக்காது. சுற்றி மேலே எடுத்தால் வெறும் முள். அதே நேரத்தில் கையெட்டும் தூரத்தில் நின்றவர், அதே டப்பாவிலிருந்து அதே இரையை எடுத்துக் கோத்தவர், கலவாயும் விளமீனுமாக ஏற்றிக்கொண்டே இருந்தார். அவர் போட்டதும் நான் போட்டதும் ஒரே தண்ணீரில்தான், ஆனால் வேறு வேறு கடலில் நிற்பதுபோல இருந்தது.

ஈயம் எவ்வளவு போட வேண்டும்? மோனோவை மாற்றித்தான் ஆக வேண்டுமா? கொத்தும்போது எந்த நேரத்தில் இழுப்பது? இன்னொரு விஷயமும் கேட்க வேண்டும். சின்னது என்று திருப்பிக் கடலில் விட்ட கலவாய்கள் கண் பிதுங்கி, வாயிலிருந்து பை மாதிரி ஏதோ தள்ளிக்கொண்டு மேலேயே மிதந்தன. பார்க்கச் சங்கடமாக இருந்தது. அதற்கு ஏதாவது வழி உண்டா?


ஆழம்பார்ப்பவன் எழுதியது:

நீங்கள் சொன்னதில் முக்கியமான வரி, கொஞ்ச நேரத்தில் தரை முட்டுவது தெரியவில்லை என்பது. மற்ற எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. பக்கத்தில் இருந்தவருடைய இரை தரையை ஒட்டி இருந்தது, உங்களுடையது பெரும்பாலான நேரம் நடுத்தண்ணீரில் தொங்கியிருக்கும். கலவாய், விளமீன், சங்கரா எல்லாம் பாறையை ஒட்டியே வாழ்கிற மீன்கள், தலைக்கு மேலே சில மீட்டர் தள்ளிப் போகிற இரைக்காக இடத்தை விட்டு வருவது குறைவு. இரை ஒரு அடி மேலே இருப்பதும் நாலு மீட்டர் மேலே இருப்பதும் ஒன்றல்ல.

ஏன் மிதக்கிறது என்றால், நரம்பைத் தண்ணீர் தள்ளுகிறது. அந்தத் தள்ளு நரம்பின் தடிமனுக்கும் தண்ணீரில் இருக்கும் நீளத்துக்கும் ஏற்றபடி கூடும். அதோடு நீரோட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளு நாலு மடங்காகும். அதனால்தான் காலையில் சரியாக இருந்த ஈயம் நீரோட்டம் ஏறினதும் திடீரென்று போதாமல் போகிறது. 0.45 மோனோவுக்குப் பதில் அதே பலமுள்ள பிரெய்டு (பல இழைகளைப் பின்னிய நரம்பு) 0.25 மி.மீ. வாக்கில் கிடைக்கும், தள்ளு ஏறக்குறைய பாதியாகிவிடும். இன்னொரு லாபம் அதைவிடப் பெரியது. மோனோ வகையைப் பொறுத்து 15 முதல் 30 சதவீதம் வரை நீளக்கூடியது, 50, 60 மீட்டர் வெளியே இருக்கும்போது கீழே நடப்பதில் பாதியை அது தானே விழுங்கிவிடும். பிரெய்டு நீளுவது மிகக் குறைவு. ஈயம் மணலில் உரசுவதும் பாறையில் தட்டுவதும் தனித்தனியாகக் கைக்கு வரும். பத்து மீட்டருக்கு ஒரு நிறம் மாறுகிற பிரெய்டு வாங்கினால் எவ்வளவு நரம்பு போயிருக்கிறது என்பதும் கண்ணுக்குத் தெரியும், நான் அதைத்தான் சிபாரிசு செய்வேன்.

ஈயம்: 40 மீட்டருக்கு, மிதமான நீரோட்டத்தில், பிரெய்டாக இருந்தால் 150 முதல் 250 கிராம். தடித்த மோனோவென்றால் அதற்கும் மேலே. நூறு கிராம் அசையாத தண்ணீருக்குத்தான் ஆகும்.

அப்புறம் நரம்பின் சாய்வைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருங்கள். நேர் செங்குத்தாக இருந்தால் 40 மீட்டர் ஆழத்துக்கு 40 மீட்டர் நரம்பு. 45 டிகிரி சாய்ந்தால் ஏறக்குறைய 57 மீட்டர். 60 டிகிரி சாய்ந்தால் 80 மீட்டர், அதாவது இரண்டு மடங்கு. அந்த நிலையில் கொத்து தெரியாது, தெரிந்தாலும் முள் ஏற்ற முடியாது, பக்கத்து ஆட்களின் நரம்பிலும் போய்ச் சுற்றும். 45 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் இன்னும் நரம்பு விட்டுத் தரையைத் தேடாதீர்கள். முழுக்கச் சுற்றி எடுத்து, மறுபடி நேராக இறக்குங்கள். மிதந்து போகிற படகில் இந்த வேலையை அலுக்காமல் செய்பவர்தான் மீன் ஏற்றுகிறார்.

இறக்கும்போதும் ஸ்பூலை (நரம்பு சுற்றியிருக்கும் உருளையை) விரலால் லேசாக அழுத்தியபடி விடுங்கள், சும்மா திறந்துவிட்டால் நரம்பு ஈயத்தை முந்திக்கொண்டு தளர்ந்து வளையும், ஈயம் முட்டியது தெரியவே தெரியாது. முட்டியதும் உடனே ரீலை மூடி, தளர்வை எடுத்து, ஒரு முழம் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை தடியைத் தாழ்த்தி மறுபடி தட்டிப் பாருங்கள். படகு நகர்கிறது, கீழே தரை ஏறும், இறங்கும். தட்டவில்லை என்றால் விடுங்கள், உடனே தட்டினால் ஒரு சுற்று எடுங்கள்.


கணவாய்வால் எழுதியது:

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் வெறும் முள்ளாக வந்தது என்றால் இரை கோத்த விதத்தையும் பார்க்க வேண்டும். பெரும்பாலான ஆட்கள் செய்வது, கணவாய்த் துண்டைப் பெரிதாக வெட்டி, முள் முழுவதும் மறைகிற மாதிரி மூன்று நாலு தடவை குத்திக் குத்திச் சுருட்டி வைப்பது. பார்க்கக் கெட்டியாகத் தெரியும். கீழே போகும்போது அந்த உருண்டை சுழலும், லீடர் முழுக்க முறுக்கேறும். மீன் கவ்வினாலும் முள்முனை இரைக்குள்ளேயே புதைந்து கிடக்கும். சர்க்கிள் முள்ளில் இது இன்னும் மோசம். அதன் முனைக்கும் தண்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி திறந்திருந்தால்தான் அது மீனின் வாயோரத்தில் போய் மாட்டும். இடைவெளியை இரையால் அடைத்தால் முள்ளே இல்லாத மாதிரிதான்.

நான் கணவாயை வெட்டுவது இப்படி. உடலைப் பிளந்து விரித்து, சுண்டுவிரல் அகலத்தில், விரல் நீளத்துக்குச் சற்று அதிகமாக, ஒரு முனை அகலமும் மறுமுனை கூர்மையுமாக நாடாவாக வெட்டுவேன். அகலமான முனையில், ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரே ஒரு குத்து. முனை முழுவதும் வெளியே. மிச்சம் தொங்க வேண்டும். தண்ணீரில் போட்டு, படகின் ஓரத்திலேயே ஒரு நொடி இழுத்துப் பாருங்கள், நேராக வந்தால் இறக்கலாம், சுழன்றால் வெட்டை மாற்றுங்கள். இந்தச் சின்னச் சோதனையைச் செய்கிற ஆளைப் படகில் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன், ஆனால் பலன் அதிலேதான் இருக்கிறது.

வெட்டிய மீன் என்றால் தோலோடு வெட்டுங்கள், முள்ளைச் சதைப்பக்கம் நுழைத்துத் தோல்பக்கம் வெளியே எடுங்கள். இரையைப் பிடித்து நிறுத்துவது தோல்தான், சதை இல்லை. அயிலை, மத்தி மாதிரி எண்ணெய் உள்ள மீன் வாசனையைப் பரப்பும், ஆனால் மென்மையானது, சின்ன மீன்கள் சீக்கிரம் பிய்த்துத் தின்றுவிடும். கணவாய் வாசனையில் கொஞ்சம் பின்தங்கும், ஆனால் ரப்பர் மாதிரி நிற்கும். அதனால் இரண்டு முள் கட்டியிருந்தால் மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டையும் போடுங்கள், எது போகிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும். சின்ன மீன் தொந்தரவு அதிகமாக இருந்தால் கணவாய்க்கே மாறுங்கள்.

வெயிலில் டப்பாவைத் திறந்து வைக்காதீர்கள். சூட்டில் குழைந்த மத்தி முள்ளிலேயே நிற்காது. வேண்டிய அளவு மட்டும் வெளியே எடுத்துவிட்டு மிச்சத்தை ஐஸில் வையுங்கள். கொத்து நின்று ஐந்து நிமிஷம் சத்தமே இல்லை என்றால் இரை இருக்கிறது என்று நம்பிக்கொண்டு நிற்க வேண்டாம், எடுத்துப் பார்த்துவிடுங்கள்.


கச்சான்காற்று எழுதியது:

ஆழம்பார்ப்பவன் சொன்னதில் ஒரு விஷயத்தில் எனக்கு வேறு அபிப்பிராயம். ஈயத்தை ஏற்றிக்கொண்டே போவது தீர்வல்ல. தரையைத் தொடுகிற அளவுக்குக் குறைந்தபட்ச ஈயம் எதுவோ அதுவே சரியான ஈயம். 250 கிராம் தொங்கவிட்டு மூன்று மணி நேரம் பிடித்தால் கை மரத்துப்போகும், சங்கரா மாதிரி மெதுவாகக் கவ்வுகிற மீனின் கொத்து அந்தக் கனத்தில் அமுங்கிவிடும். 120-இல் தொடங்கி, தரை தவறினால் ஒரு படி ஏற்றுங்கள். ஆனால் படகில் எல்லோரும் ஒரே கனம் போடச் சொன்னால் கேப்டன் சொல்வதைக் கேட்டுவிடுங்கள், அது சிக்கலைத் தவிர்க்க.

அதைவிட, பாறைத் தரையில் ஓடுகிற ஈயமே வேண்டாம் என்பேன். ஈயமும் முள்ளும் சேர்ந்து தரையில் கிடந்தால் இரண்டும் மாட்டும். ஈயத்தை அடியில் கட்டி, அதற்கு ஓரடி மேலே ஒரு முள், அதிலிருந்து இரண்டடி மேலே இன்னொரு முள், இரண்டும் சின்னக் கிளை நரம்பில். ஈயம் மட்டும் தரையைத் தட்டும், இரை தெளிவாகப் பாறைக்கு மேலே நிற்கும், கொத்து நேராகத் தடிக்கு வரும். ஈயத்தை மட்டும் பலம் குறைந்த நரம்பில் கட்டுங்கள், பாறை இடுக்கில் மாட்டினால் ஈயம் அறுந்து போகும், முள்ளும் மீனும் மேலே வரும். படகு மிதக்கும்போது இதுதான் எனக்கு நம்பிக்கையான கட்டு. நங்கூரம் போட்டு நிற்கும் படகில், மணல் தரையில், நீண்ட லீடரோடு ஓடுகிற ஈயம் அருமையாக வேலை செய்யும், அதை நான் மறுக்கவில்லை.

இப்போது முக்கியமான விஷயம். சர்க்கிள் முள் போட்டுவிட்டு வெட்டி இழுத்தால் மீன் ஏறாது. அந்த முள்ளின் முனை தண்டை நோக்கி உள்பக்கமாக வளைந்திருக்கிறது. மீன் இரையை விழுங்கித் திரும்பி நகரும்போது முள் தொண்டையிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்து, வாயோரத்தில் சுழன்று தானே மாட்டுகிறது. நீங்கள் வெட்டி இழுத்தால் அது சுழல நேரமே கிடைக்காது, இரையோடு வாயிலிருந்து வெளியே வந்துவிடும். டொக் டொக் என்றால் ஒன்றும் செய்யாதீர்கள். தடியைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்து நில்லுங்கள். கொத்து மாறி, தடிமுனை நிதானமாக வளைந்து கீழே இறங்கத் தொடங்கும், அந்தக் கனம் கைக்கு வந்ததும் வெட்டாமல் ரீலைச் சுற்றுங்கள். நிதானமாக, நிறுத்தாமல். அவ்வளவுதான்.

இது புதுசாக யாரோ கண்டுபிடித்தது இல்லை. பசிபிக் தீவுகளில் எலும்பிலும் சிப்பியிலும் இதே வடிவத்தில் முள் செய்து ஆழ்கடலில் மீன் பிடித்திருக்கிறார்கள். பசிபிக் ஹாலிபட் மீனை நீண்ட வரிசைத் தூண்டிலில் பிடிக்கும் தொழிலில் 1980-களில் இந்த முள்ளுக்கு மாறினார்கள், மீன் அதிகம் ஏறியது என்பதுதான் காரணம். ஆளே இழுக்காத தூண்டிலில் நன்றாக வேலை செய்கிற முள் இது, அதை மனதில் வைத்தால் கையை அடக்கிவிடலாம்.

ஜே முள் (J எழுத்து வடிவத்தில் இருக்கும் சாதாரண முள்) என்றால் விஷயம் நேர் எதிர், கனம் தெரிந்த நொடியில் தடியை உயர்த்தி முள்ளை ஏற்ற வேண்டும். ஆனால் அதில் மீன் வயிற்றுவரை விழுங்குவது அதிகம், சின்னது வந்தால் திருப்பி விட்டாலும் பிழைப்பது சந்தேகம். எந்த முள் என்று முடிவு செய்துவிட்டு அதற்குத் தகுந்த கையைப் பழக்குங்கள்.


அலைமேடு எழுதியது:

மூவருக்கும் ரொம்ப நன்றி. சர்க்கிள் முள்ளை வெட்டி இழுக்கக் கூடாது என்பது இத்தனை தெளிவாக யாரும் சொல்லித் தந்ததில்லை. இரண்டு முள் கட்டைப் பழகிப் பார்க்கிறேன்.

இன்னும் ஒரு சந்தேகம். படகில் எங்கே நிற்பது? என் நரம்பு படகுக்கு அடியில் போய், எதிர்ப்பக்கம் நின்றவருடைய நரம்போடு சிக்கி, அவிழ்க்கவே நேரம் போனது. அடுத்த முறை முன்பக்கமா பின்பக்கமா? பாறையில் மாட்டிக்கொண்டால் எப்படி எடுப்பது என்றும் சொல்லுங்கள். தடியை உயர்த்தி உயர்த்தி இழுத்ததில் தடி முனை முறிந்துவிடும்போல இருந்தது.


நங்கூரக்கயிறு எழுதியது:

படகு மிதக்கிறதா, நங்கூரம் போட்டு நிற்கிறதா என்பதைப் பொறுத்து இடம் மாறும்.

மிதக்கும் படகில் காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். படகு காற்று போகிற திசையில் நகரும், தரையில் கிடக்கும் ஈயம் பின்தங்கும். ஆகவே காற்று முகத்தில் அடிக்கிற பக்கம் நின்றால் நரம்பு படகை விட்டு வெளியே விலகிப் போகும். முதுகில் காற்று படுகிற பக்கம் நின்றால் நரம்பு படகின் அடியில் நுழையும். உங்களுக்கு நடந்தது இரண்டாவது. நீரோட்டம் வலுவாகக் காற்றுக்கு எதிராக இருந்தால் இது மாறவும் செய்யும், அதனால் முதல் இறக்கத்தில் நரம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பல கேப்டன்கள் மிதக்கும்போது எல்லோரையும் ஒரே பக்கம் நிற்கச் சொல்வது இதற்காகத்தான். அப்படிச் சொன்னால் இடம் நெருக்கமாக இருந்தாலும் அங்கேயே நில்லுங்கள்.

நங்கூரம் போட்ட படகென்றால் பின்பக்கம் நல்லது. அணியத்தில் (படகின் முன்முனையில்) நங்கூரக்கயிறு இறங்குகிறது, நீரோட்டம் எல்லோருடைய நரம்பையும் பின்னால்தான் தள்ளும். அணியத்தில் நின்று கனம் குறைந்த ஈயம் போட்டால் உங்கள் நரம்பு ஓரமாகவே ஓடி, பின்னால் நிற்கிற ஒவ்வொருவர் நரம்பையும் தாண்டிப் போகும். முன்னால் நிற்பவர் கனமான ஈயம், பின்னால் நிற்பவர் சற்றுக் குறைவு என்று வைத்தால் சிக்கல் பாதிக்குப் பாதி குறையும். தலைசுற்றல் வருகிற உடம்பாக இருந்தால் முன்னும் வேண்டாம் பின்னும் வேண்டாம், படகின் நடுவில் நில்லுங்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு. எஞ்சின் புகை வருகிற இடத்தில் நிற்காதீர்கள், முள் கட்டும் வேலையை எல்லாம் கரையிலேயே முடித்துவிட்டு வாருங்கள். தலையைக் குனிந்து முடிச்சுப் போடும்போதுதான் வயிறு புரட்ட ஆரம்பிக்கும்.

கேப்டன் நரம்பை எடுக்கச் சொன்னால் அந்த நொடியே எடுங்கள். இன்னும் ஒரு கொத்து பார்க்கலாம் என்று ஒருவர் நின்றால் படகு திரும்பும்போது நரம்பு ப்ரொப்பெல்லரில் சுற்றும், இல்லையென்றால் எல்லோருக்கும் அடுத்த இடம் தாமதமாகும். புது இடத்தில் இறக்கச் சொல்லும்போது எல்லோரோடும் சேர்ந்து உடனே இறக்குங்கள், இரையை முன்பே கோத்துத் தயாராக வைத்திருங்கள். மிதக்கும் படகு பாறையின் மேல் இருப்பது கொஞ்ச நேரம்தான், தாமதமாக இறக்குபவருக்கு மிஞ்சுவது வெறும் மணல்.

மாட்டிக்கொண்டால் தடியை வைத்து இழுக்காதீர்கள், தடி அதற்கு இல்லை. முதலில் நரம்பைத் தளர்த்திவிட்டுச் சில நொடி பொறுங்கள், படகு நகர்ந்து கோணம் மாறினால் பல சமயம் ஈயம் தானே கழன்றுவிடும். கழலவில்லை என்றால் தடியை நரம்பின் நேர்கோட்டில் நீட்டி, ஸ்பூலை அழுத்திப் பிடித்து, படகின் ஓட்டத்தாலேயே அறுபட விடுங்கள். பிரெய்டை வெறும் கையில் ஒருபோதும் சுற்றாதீர்கள். அது சதையை எலும்புவரை வெட்டும். ஒரு சின்னக் கட்டையில் சில சுற்று சுற்றி, கட்டையைப் பிடித்து இழுக்கலாம், படகு ஆளைக் கூப்பிட்டால் அவரே செய்து தருவார்.


மீள்விடு எழுதியது:

கண் பிதுங்கிய மீனைப் பற்றி இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. இதைக் கேட்டதற்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும், பலர் மிதக்கிற மீனைப் பார்த்துவிட்டு அடுத்த இரையைக் கோக்கப் போய்விடுகிறார்கள்.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. மேலே 1 என்றால் 40 மீட்டரில் 5. கலவாய், சங்கரா போன்ற மீன்களின் காற்றுப்பைக்கு வெளியே திறக்கும் குழாய் கிடையாது, உள்ளிருக்கும் வாயு இரத்தம் வழியாக மெதுவாகத்தான் கரைந்து குறைய முடியும். அதற்கு மணிக்கணக்காகும். நீங்கள் ஒரு நிமிஷத்தில் மேலே கொண்டு வருகிறீர்கள். 40 மீட்டரில் ஒரு பங்கு இருந்த வாயு மேலே வரும்போது ஐந்து பங்காக விரிய முயல்கிறது. பை கிழியலாம், குடலும் வயிறும் வெளியே தள்ளப்படும். வாயில் பை மாதிரி தெரிந்தது அநேகமாகக் காற்றுப்பை இல்லை, வெளிப்புறமாகத் திரும்பிய இரைப்பை. அதைக் குத்தினால் காற்று வெளியேறும் என்று சிலர் குத்துகிறார்கள். தயவுசெய்து குத்தாதீர்கள், அது இரைப்பையில் ஓட்டை போடுவது.

மெதுவாகச் சுற்றினால் சரியாகிவிடும் என்பதும் உண்மையில்லை. மணிக்கணக்காக வேண்டிய வேலை இரண்டு நிமிஷம் கூடுதலாக எடுப்பதால் நடக்காது, அதோடு கடைசி 10 மீட்டரில்தான் வாயு இரண்டு மடங்காகிறது.

வேலை செய்கிற வழி, மீனைத் திரும்ப ஆழத்துக்கே கொண்டுபோய் விடுவது. இறங்க இறங்க அழுத்தம் வாயுவைத் திரும்பச் சுருக்கும், மீன் தானாக நீந்தும். இதற்கென்றே கருவிகள் இருக்கின்றன. மீனின் கீழ்த்தாடையைக் கவ்விப் பிடித்து, குறித்த ஆழம் வந்ததும் அழுத்தத்தால் தானே திறந்து விடுகிற கவ்வி ஒன்று. இன்னொன்று எளிமையானது, கனமான ஈயத்தோடு தலைகீழாகக் கட்டிய எதிர்முள் இல்லாத முள், மீனின் தாடையில் மாட்டி இறக்கிவிட்டு, கீழே போனதும் ஒரு வெட்டு வெட்டினால் கழன்றுவிடும். பழக்கூடையைக் கவிழ்த்து நாலு மூலையிலும் ஈயம் கட்டி, மீனை அதற்குள் அடைத்து இறக்குகிறவர்களும் உண்டு. படகில் இருக்கிறதா என்று முன்பே கேட்டுவிடுங்கள், இல்லையென்றால் நீங்களே ஒன்று கொண்டுபோகலாம், பையில் இடம் அடைக்காது. கருவியை மீன் பிடிக்க ஆரம்பிக்கும் முன்பே கட்டித் தயாராக வைத்திருக்க வேண்டும், மீன் கையில் துடிக்கும்போது தேடினால் நேரம் போய்விடும். ஈரக்கையால் பிடியுங்கள், முள்ளைச் சீக்கிரம் கழற்றுங்கள், ஆழத்தில் விழுங்கியிருந்தால் தோண்டாமல் லீடரை வாயருகே அறுத்துவிடுங்கள்.

சின்ன மீனுக்கு மட்டும் இல்லை இது. கலவாய்களில் பெரும்பாலான வகைகள் பெண்ணாக வளர்ந்து, பெரிதான பிறகு ஆணாக மாறுகிறவை. ஒரு பாறையில் இருக்கிற மிகப் பெரிய கலவாய் அங்கே இருக்கும் ஒரே ஆணாகவும் இருக்கலாம். வேண்டிய அளவு மீன் கிடைத்துவிட்டால் அதையும் திருப்பி விடுவது நல்லது. எனக்கு இன்னொரு கோரிக்கையும் உண்டு. அளவுக்குக் கீழான மீனே தொடர்ந்து ஏறுகிறது என்றால் இடம் மாற்றச் சொல்லி கேப்டனிடம் கேளுங்கள். இறக்கும் கருவி இருந்தாலும் ஆழத்திலிருந்து வரும் எல்லா மீனும் பிழைப்பதில்லை.


கச்சான்காற்று எழுதியது:

மீள்விடு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தெரியாத மீன் ஏறினால் கையால் தொடாதீர்கள். பாறை நிறத்தில் முதுகு முள்ளை விரித்துக்கொண்டு வருகிற தேள்மீன் வகைகளின் முள் விஷமுள்ளது. குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில், 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமல், தண்ணீரில் அந்த இடத்தை அரை மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை முக்கி வைக்க வேண்டும், சூட்டில் அந்த விஷம் சிதையும். சூடு சரியா என்பதைக் குத்துப்படாத கையால் பாருங்கள். அப்புறம் மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். பேத்தை மீன் வந்தால் முள்ளை எடுத்துத் திருப்பி விடுங்கள், அதன் விஷம் சமைத்தாலும் போகாது.


அலைமேடு எழுதியது:

குறித்துக்கொண்டேன். பிரெய்டுக்கு மாறப்போகிறேன், இறக்கும் கருவியும் வாங்கிவிடுகிறேன். கடைசியாக ஒன்று: டிராக்கை (மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீல் பிரேக்கை) எவ்வளவு இறுக்குவது? பிரெய்டின் முனையில் லீடர் எவ்வளவு நீளம்?


ஆழம்பார்ப்பவன் எழுதியது:

பொதுவாக நரம்பு அறும் பலத்தில் கால் பங்கு முதல் முப்பது சதவீதம் என்று வைப்பார்கள். 15 கிலோ நரம்பென்றால் நாலு கிலோ வாக்கில். பாறைத் தரையில் நான் இன்னும் கொஞ்சம் இறுக்குவேன், ஏனென்றால் கலவாய் மாட்டிய உடனே நேராகத் தன் பொந்துக்குள் ஓடும், அங்கே போய்ச் செவுளை விரித்துக்கொண்டால் பிறகு வெளியே வராது. கனம் வந்ததும் முதல் சில மீட்டர் மட்டும் அதற்கு இடமே கொடுக்காமல் சுற்றிவிடுங்கள், அதற்குப் பிறகு அவசரமில்லை. டிராக்கைக் கண் திட்டத்தில் வைக்காமல் கரையிலேயே தராசைக் கட்டி இழுத்துப் பாருங்கள்.

லீடர் 0.60 முதல் 0.80 மி.மீ. மோனோ அல்லது ஃப்ளூரோகார்பன், ஒன்றரை முதல் இரண்டு மீட்டர். பிரெய்டு பாறையில் ஒருமுறை உரசினாலே போய்விடும், லீடர் அந்த உரசலைத் தாங்கத்தான். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் லீடரை விரல்நகத்தில் ஓட்டிப் பாருங்கள், சொரசொரப்பாக இருந்தால் அந்த இடத்துக்கு மேலே வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். ஸ்பின்னிங் ரீலை மாற்ற வேண்டியதில்லை, ஸ்பூலில் பிரெய்டு வழுக்காமல் இருக்க முதலில் சில சுற்று மோனோ சுற்றிவிட்டு அதன்மேல் ஏற்றுங்கள். போய்விட்டு வந்து எப்படி இருந்தது என்று இங்கேயே எழுதுங்கள், எந்த ஆழத்தில் எவ்வளவு ஈயம் நின்றது என்பதையும் சேர்த்து.